சாகஸ் நோயாளியின் ஈசிஜி: இதயம் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

சாகஸ் லத்தீன் அமெரிக்காவின் நோய். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் லாசான்ஸ் என்ற சிற்றூரில் 1909இல் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் இதைக் கண்டறிந்தார். மண்சுவர் விரிசல்களில் ஒளிந்திருந்து இரவில் கடிக்கும் ஒரு பூச்சியின் எச்சத்தில் ‘டிரிப்பனசோமா குரூசி’ என்ற ஒட்டுண்ணி இருக்கும். அந்தப் பூச்சியைப் பிரேசிலில் பார்பெய்ரோ என்பார்கள், பொலிவியாவில் வின்சூக்கா. தொற்று உடலில் புகுந்து பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் இதயம் காட்டிக்கொடுக்கும். தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த நிலை வருகிறது. எக்கோ கருவி எட்டாத கிராமத்துக்கும் ஈசிஜி போய்விடும் என்பதால், யாரை உடனே பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க அங்கே முதலில் கைகொடுப்பது இந்தத் தாள்தான்.

பி அலை, கியூஆர்எஸ், டி அலை எவை என்று தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பழகுவதற்கு ஈசிஜி கிடைக்குமா என்று கவலை வேண்டாம். சாவோ பாவ்லோ, மினாஸ் ஜெராய்ஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் ‘சாமி-ட்ராப்’ ஆய்வின் ஈசிஜிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நானும் அவற்றில்தான் பழகினேன்.

படி 1: இரத்தப் பரிசோதனை முடிந்ததா?

ஈசிஜியை வைத்து ‘இது சாகஸ்’ என்று சொல்ல முடியாது. வெவ்வேறு முறையிலான இரண்டு இரத்தப் பரிசோதனைகள் ஒத்துப்போனால்தான் தொற்று உறுதி. ஈசிஜி சொல்வது அதற்கு அடுத்த கேள்விக்கான பதில்: இதயத்துக்கு என்ன ஆனது? நம்மூரில் ஒருவருக்கு வலது கிளை அடைப்பு (இதயத்தின் வலப்பக்கத்துக்கு மின்சைகை கொண்டுபோகும் கிளை அடைபடுவது) இருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. மினாஸ் ஜெராய்ஸ் கிராமத்தில் வளர்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு அதே அடைப்பு இருந்தால் அங்குள்ள மருத்துவர் முதலில் சாகஸைத்தான் நினைப்பார்.

படி 2: வேகம், லயம், பிஆர்

இதில் அதிகம் நிற்க வேண்டாம். நிமிடத்துக்கு 50க்குக் கீழே துடிக்கிறதா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) இருக்கிறதா, பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ்ஸின் தொடக்கம் வரையான பிஆர் இடைவெளி 200 மில்லிசெகண்டைத் தாண்டுகிறதா, பி அலைக்குப் பின் கியூஆர்எஸ் வராமல் விடுபடுகிறதா என்று பாருங்கள். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவையும், அதை மேலறையிலிருந்து கீழறைக்குக் கடத்தும் ஏவி கணுவையும் இந்த நோய் விட்டுவைப்பதில்லை. மேலறையின் சைகை எதுவுமே கீழறைக்குப் போகாத முழு அடைப்பு என்றால் அது பேஸ்மேக்கர் பேச்சு. மற்ற படிகள் பிறகு.

படி 3: வலது கிளை அடைப்பு

கியூஆர்எஸ் அகலம் 120 மில்லிசெகண்ட் அல்லது அதற்கு மேல், அதாவது மூன்று சிறு கட்டங்கள். மார்பு லீடான வி1இல் சின்ன ஆர் (மேல்நோக்கிய கூர்), ஒரு எஸ் (அதற்குப் பின் கீழ்நோக்கி இறங்குவது), பிறகு உயரமான இரண்டாவது ஆர். லீட் 1இலும் வி6இலும் அகன்று இழுபடும் எஸ். இந்த மூன்றும் இருந்தால் முழுமையான அடைப்பு. வி1இல் வடிவம் மட்டும் அப்படி இருந்து அகலம் 120ஐ எட்டாவிட்டால் அதை இதயப் பழுதின் சான்றாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

படி 4: கூடவே இடது முன்கிளை அடைப்பும் இருக்கிறதா?

இதுதான் கடினமான படி. இங்கே நிதானமாகப் போங்கள்.

வலது கிளை நீண்டு மெலிந்த ஒற்றை இழை. இடது கிளையிலிருந்து பிரிந்து முன்பக்கம் போகும் இடது முன்கிளையும் மெலிந்ததே. கடைமடையில் ஓடும் ஒற்றை வாய்க்கால் சீக்கிரம் தூர்ந்துபோவதைப் போல, அழற்சியும் தழும்பும் பரவும்போது இவ்விரண்டும் முதலில் அடைபடுகின்றன. இரண்டும் சேர்ந்து அடைபட்ட ஈசிஜிதான் சாகஸ் இதயத்தின் அடையாள முகம்.

தனியாக வரும் முன்கிளை அடைப்பைப் பிடிப்பது எளிது. அச்சு, அதாவது இதயத்தின் மின்சைகை மொத்தத்தில் போகும் திசை, மைனஸ் 45 டிகிரிக்கும் மைனஸ் 90 டிகிரிக்கும் இடையில் இருக்கும். வலது கிளை அடைப்போடு வரும்போதுதான் சிக்கல். கியூஆர்எஸ்ஸின் கடைசிப் பகுதி முழுக்கத் தாமதமாகத் துடிக்கும் வலது வென்ட்ரிக்கிளுக்கு (கீழறைக்கு) உரியது. இயந்திரம் முழு கியூஆர்எஸ்ஸையும் கூட்டிக் கழித்து அச்சு சொல்வதால், அந்த வால்பகுதி கணக்கை வலப்பக்கம் இழுத்துவிடும். தாளின் தலைப்பில் மைனஸ் 20 என்றிருக்கும். உண்மையில் முன்கிளை அடைபட்டிருக்கும்.

ஆகவே அச்சை நீங்களே பாருங்கள். கியூஆர்எஸ்ஸின் முதல் 60 முதல் 80 மில்லிசெகண்டை, அதாவது ஒன்றரை முதல் இரண்டு சிறு கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விரலால் மறைத்துவிடுங்கள். அந்தத் துண்டு லீட் 1இலும் ஏவிஎல்லிலும் மேல்நோக்கி இருக்க வேண்டும். லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் சின்ன ஆர், பிறகு ஆழமான எஸ். லீட் 2இல் இருப்பதைவிட லீட் 3இல் எஸ் ஆழமாக இருந்தால் சந்தேகம் பெரிதும் தீரும்.

அந்தச் சின்ன ஆர் முக்கியம். அது இல்லாமல் நேராகக் கீழே இறங்கினால் அது கியூ அலை. முன்கிளை அடைப்பு என்று எழுதிவிடாதீர்கள். சாகஸில் தழும்பு விழும் இடங்களில் ஒன்று இடது வென்ட்ரிக்கிளின் கீழ்-பக்கச் சுவரின் அடிப்பகுதி, இன்னொன்று இதய நுனி. கரோனரி நாளங்களில் அடைப்பே இல்லாதவருக்கும் மாரடைப்பு வந்தவர்போலக் கியூ அலை வரலாம். நுனிச் சுவர் மெலிந்து பையாகப் புடைத்திருந்தால் அங்கே இரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகும். கியூ அலை கண்டால் எக்கோ கேளுங்கள்.

படி 5: விபிசி

விபிசி என்பது வென்ட்ரிக்கிளிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பு. எண்ணிக்கையோடு வடிவத்தையும் பாருங்கள். ஒரே தாளில் இரண்டு மூன்று வடிவங்களில் விபிசி வந்தால் தழும்பு பல இடங்களில் இருக்கலாம். பத்து செகண்டுத் தாளில் ஒன்று கண்டாலும் 24 மணிநேர ஹோல்டர் (உடலோடு கட்டிவிடும் ஈசிஜிக் கருவி) தேவை. இந்த நோயில் திடீர் மரணமே முதல் அறிகுறியாக அமைவதுண்டு.

படி 6: கியூஆர்எஸ் உயரம்

ஆறு கை-கால் லீட்களில் எதிலும் கியூஆர்எஸ் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லையா? எழுதி வையுங்கள். பலரும் தாண்டிப் போகிற இந்தக் குறைந்த உயரத்துக்கு சாகஸ் இதயநோயாளியின் மரண ஆபத்தைக் கணிக்க 2006இல் வெளியான ராஸி மதிப்பீட்டில் 2 புள்ளி உண்டு. மற்றவை: மூச்சுத்திணறல் மூன்றாம் அல்லது நான்காம் நிலை 5, எக்ஸ்ரேயில் இதய வீக்கம் 5, எக்கோவில் சுவர் அசைவுக் குறை 3, ஹோல்டரில் சிறிது நேரம் நீடிக்கும் வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா 3, ஆண் என்றால் 2. மொத்தம் 20. 12 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் பத்தாண்டுக்குள் இறந்தவர்கள் 84 சதவீதம். 6 வரை உள்ளவர்களில் 10 சதவீதம். உடல்பருமன், எம்பைசீமா என்ற நுரையீரல் நோய், இதய உறையில் நீர் ஆகியவையும் உயரத்தைக் குறைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாமே சரியாக இருந்தால்?

மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் அன்றைக்கு மட்டும். தொற்று உறுதியாகி, ஈசிஜியும் மார்பு எக்ஸ்ரேயும் இயல்பாக இருப்பவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் பேருக்கு இதயநோய் தொடங்குகிறது. ஆகவே ஆண்டுக்கொரு ஈசிஜி, பழைய தாளைப் பக்கத்தில் வைத்து. 2015இல் வெளியான ‘பெனிஃபிட்’ ஆய்வில், இதயம் ஏற்கெனவே பழுதான 2,854 பேரில் பாதிப்பேருக்கு ஒட்டுண்ணியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் மருந்தைக் கொடுத்தார்கள். இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது, இதயம் சீர்கெடுவது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. முதல் மாற்றத்தை அது தோன்றும் ஆண்டிலேயே பிடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கருவிகள்

இடைவெளி அளக்கும் காலிப்பரும் அச்சிட்ட தாளும் போதும். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, கட்டத்தின் அளவு மனதில் நிற்காது. இயந்திரம் எழுதித் தரும் அறிக்கையை, உங்கள் முடிவை எழுதிய பிறகே படியுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்டதில் மூன்று விஷயங்களை இங்கே சேர்க்கிறேன்.

அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடுங்கள். ஒரு பெரிய கட்டம் ஸ்கேலில் சரியாக 5 மில்லிமீட்டர் வர வேண்டும். 4.6 வந்தால் படி 6 பொய்யாகிவிடும்.

சாமி-ட்ராப் பதிவுகளில் சில 10 செகண்ட், சில 7 செகண்ட். எல்லாவற்றையும் ஒரே நீளமாக்க முனைகளில் பூஜ்யம் நிரப்பியிருக்கிறார்கள். அந்தத் தட்டைக் கோட்டை இதயம் நின்றதாக நினைக்க வேண்டாம். செகண்டுக்கு 400 புள்ளிகள் என்பதால் 120 மில்லிசெகண்ட் என்பது 48 புள்ளி.

மூன்றாவது, மருந்து. சாகஸ் நோயாளிகள் பலர் லயக் கோளாறுக்கான அமியோடரோன் மருந்தை எடுப்பவர்கள். அது துடிப்பைக் குறைக்கும், பிஆர் இடைவெளியையும் கியூடி இடைவெளியையும் (கியூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி அலை முடியும் வரை) நீட்டும். படி 2இல் எதையாவது குறிப்பதற்கு முன் மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.