வால்கிரிண்டில் பகிர்வு நினைவகப் பிழை வந்தால் எங்கே தேட வேண்டும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையை ஒட்டிய ஜவ்வரிசி ஆலைகளில், மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் வண்டிகளை எடை போட்டு ரசீது அச்சிடும் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. லினக்ஸில் ஓடும் அந்த மென்பொருளில் இரண்டு நிரல்கள் உள்ளன. ஒன்று எடைமேடையின் இண்டிகேட்டரிலிருந்து எடையையும், மாதிரி பார்க்கும் மேசையிலிருந்து கிழங்கின் மாவுச்சத்துப் பாயிண்டையும் வாங்கி ஒரு பதிவாகப் பகிர்வு நினைவகத்தில் (இரு நிரல்களும் பொதுவாகக் காணும் நினைவகப் பகுதியில்) எழுதுகிறது. மற்றொன்று அந்தப் பதிவைப் படித்து ரசீது அச்சிடுகிறது. கிழங்குக்குப் பாயிண்டை வைத்தே விலை போடுவதால், அந்தப் பதிவில் ஒரு பைட் பிசகினாலும் விவசாயியின் கைக்குப் போகும் தொகை மாறிவிடும். ஆகவே எந்த மாற்றத்தையும், நிரலின் நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்டின் மெம்செக் கருவியில் ஓட்டிப் பார்த்த பிறகே ஆலைக்கு அனுப்புகிறேன்.

அப்படி ஓட்டும்போது "பகிர்வு நினைவகம்" என்ற சொல்லோடு வரும் பிழைகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அது யாருடைய நினைவகம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்; அது தெரியாமல் நிரலைத் திருத்தத் தொடங்கினால் நாள் முழுவதும் வீணாகும். (கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன், முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும்.)

கருவியின் சொந்தக் கோப்பு

நம் நிரலின் முதல் வரி திரைக்கு வருவதற்கு முன்பே "எரர் 28 நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்றும், அதை அடுத்து இத்தனை பைட்டை "ஷேர்டு மெம்" கோப்பில் எழுத முடியவில்லை என்றும் வந்தால், அந்தக் கோப்பின் பெயரைப் பாருங்கள். அது டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவில் "விஜிடிபி-பைப்" என்று தொடங்கினால், அதற்கும் நம் நிரலின் பகிர்வு நினைவகத்துக்கும் தொடர்பே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைப்பதற்காக வால்கிரிண்ட் தனக்குள் ஒரு சிறு சேவையகத்தை வைத்திருக்கிறது. விஜிடிபி என்ற துணைநிரல் அதனோடு பேசுவதற்காக, நாம் கேட்காவிட்டாலும், ஒவ்வோர் ஓட்டத்திலும் ஃபைஃபோ எனப்படும் பெயரிட்ட குழாய்களும் ஒரு பகிர்வுக் கோப்பும் டிஎம்பியில் உருவாகின்றன.

பிழை எண் 28 என்றால் டிஎம்பியில் இடமில்லை. "டிஎஃப் -எச்" காட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு "காலியாகத்தானே இருக்கிறது" என்று குழம்ப வேண்டாம். "டிஎஃப் -ஐ" கொடுத்து ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவிடங்கள்) தீர்ந்துவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். கருவியை "கில் -9" கொண்டு நிறுத்தினால் இந்தச் சிறு கோப்புகள் நீக்கப்படாமல் தங்கிவிடும். இரவெல்லாம் சோதனை ஓடும் கணினியில் அவை சேர்ந்துகொண்டே போகும். "விஜிடிபி -எல்" கொடுத்து எந்த ஓட்டமும் உயிரோடு இல்லை என்று உறுதி செய்த பின் அவற்றை அழிக்கலாம். எண் 13 வந்தால் அனுமதி இல்லை. எண் 30 வந்தால் அந்தக் கோப்பு முறைமை படிப்பதற்கு மட்டும் உரியது. பென் டிரைவில் உள்ள எஃப்ஏடி வகையில் ஃபைஃபோவையே உருவாக்க முடியாது.

இடத்தைச் சரிசெய்ய இயலாவிட்டால் "--விஜிடிபி-பிரிஃபிக்ஸ்" விருப்பத்தால் வேறு அடைவைக் காட்டலாம். அதே முன்னொட்டை விஜிடிபிக்கும் கொடுக்க வேண்டும். ஜிடிபியை இணைக்கும் எண்ணமே இல்லையென்றால் "--விஜிடிபி=நோ" போதும்.

முந்தைய ஓட்டம் விட்டுச் சென்றது

பிழை, நம் நிரல் பகிர்வு நினைவகத் துண்டு ஒன்றைக் கேட்கும் எஸ்எச்எம்-கெட் அழைப்பிலிருந்து வந்தால் கதை வேறு. நான் அடிக்கடி சந்திப்பது எண் 22, அதாவது "இன்வேலிட் ஆர்கியுமென்ட்". பதிவில் ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்த்திருப்பேன், அளவு கூடியிருக்கும், ஆனால் நேற்று பாதியில் நிறுத்திய ஓட்டத்தின் பழைய துண்டு அதே சாவியோடு (துண்டைக் கேட்கும்போது கொடுக்கும் எண்) லினக்ஸின் மையமான கெர்னலில் அப்படியே இருக்கும். இருப்பது சிறியது, கேட்பது பெரியது என்பதால் கெர்னல் மறுக்கிறது. எஸ்எச்எம்-கெட் தரும் இந்தச் "சிஸ்டம் வி" வகைத் துண்டுகள், நிரல் முடிந்தாலும் தாமாக மறைவதில்லை.

"ஐபிசிஎஸ் -எம்" கொடுத்தால் சாவி, அடையாள எண், உரிமையாளர், பைட் அளவு, எத்தனை நிரல்கள் இணைந்துள்ளன என்பவை வரிசையாக வரும். இணைப்பு எண்ணிக்கை சுழியமாக உள்ள நம் துண்டை மட்டும் "ஐபிசிஆர்எம் -எம்" கொண்டு நீக்குங்கள். ஆலையில் ஓடும் கணினியில் இதைச் செய்வதற்கு முன் அந்த அடையாள எண்ணை இரண்டு முறை பாருங்கள். அங்கே ரசீதுக்காக வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். இதே அழைப்பில் எண் 28 வந்தால் வட்டில் இடமில்லை என்று பொருள் அல்ல. கெர்னலின் வரம்பு எட்டிவிட்டது. துண்டுகளின் எண்ணிக்கைக்கு லினக்ஸில் இயல்பான உச்சம் 4096.

எஸ்எச்எம்-கெட்டுக்குப் பதிலாக எஸ்எச்எம்-ஓப்பன் என்ற அழைப்பைப் பயன்படுத்துவோர் தேவ் அடைவின் கீழுள்ள எஸ்எச்எம்மைப் பார்க்க வேண்டும். டாக்கர் கண்டெய்னருக்குள் (நிரலைத் தனித்து ஓட்டும் சூழலுக்குள்) அது இயல்பாக 64 எம்பி மட்டுமே. "--எஸ்எச்எம்-சைஸ்" கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

மெதுவாக ஓடுவதால் வெளிப்படுவது

மெம்செக்கின் கீழ் ஒரு நிரல் 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாக ஓடக்கூடும். வேகமாக ஓடியபோது மறைந்திருந்த வரிசைக் குழப்பம் அப்போது வெளியே வரும். எழுதும் நிரல் துண்டைத் திறந்துவிட்டது, ஆனால் எஃப்-டிரங்கேட் கொண்டு அளவை இன்னும் நிர்ணயிக்கவில்லை. அதற்குள் படிக்கும் நிரல் வந்து இணைந்துவிடுகிறது. இணைக்கும் அழைப்பான எம்-மேப் வெற்றி பெற்றுவிடும். முதல் பைட்டைத் தொட்டதும் "பஸ் எரர்" வந்து நிரல் விழும். இது கருவியின் குறையன்று. படிக்கும் நிரல் எஃப்-ஸ்டாட் கொண்டு அளவைச் சரிபார்த்த பிறகே இணைய வேண்டும்.

குறிப்பிட்ட முகவரியில்தான் இணைவேன் என்று எழுதப்பட்ட நிரலும் இங்கே தடுமாறும். முகவரி வெளியின் ஒரு பகுதியை வால்கிரிண்ட் தனக்கென எடுத்துக்கொள்கிறது. பகிர்வு நினைவகத்துக்குள் சுட்டிகளை (நினைவக முகவரிகளை) வைக்காமல், தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்ணை வையுங்கள்.

கருவி எதுவும் சொல்லாதபோது

மேலே சொன்னவை எல்லாம் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும் பிழைகள். எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. ஓர் ஆலையில் பல ஆண்டுகளாக எடைச்சீட்டு எழுதும் பெரியவர் என்னை அழைத்து, "தம்பி, இந்த வண்டிக்கு முந்தின வண்டியோட பாயிண்டே வந்திருக்குதுங்க" என்று இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த நிரலை மெம்செக்கில் ஓட்டினால் முடிவில் "0 எரர்ஸ் ஃப்ரம் 0 கான்டெக்ஸ்ட்ஸ்" என்றே வந்தது.

காரணம் இதுதான். ஒவ்வொரு பைட்டிலும் மதிப்பு இடப்பட்டதா என்ற கணக்கை மெம்செக் தனி நிழல் நினைவகத்தில் வைத்திருக்கிறது. நிரல் தனக்கென இடம் கேட்கும் மாலாக் அழைப்பு தந்த இடத்தை "மதிப்பு இடப்படாதது" என்று தொடங்கும் அது, பகிர்வு நினைவகத்தை இணைத்தவுடன் முழுவதையும் "மதிப்பு உள்ளது" என்று எடுத்துக்கொள்கிறது. மறுபுறத்தில் வேறொரு நிரல் எழுதியிருக்கக்கூடும் என்பதால் அதற்கு வேறு வழியும் இல்லை. இரண்டு நிரல்களையும் கருவியில் ஓட்டினாலும் ஒன்றின் நிழல் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது. எங்கள் நிரலில், பாயிண்ட் வரத் தாமதமானால் அந்தப் புலம் நிரப்பப்படாமலே பதிவு வெளியிடப்பட்டது. அங்கே முந்தைய வண்டியின் பாயிண்ட் கிடந்தது.

இதற்கு நாமே கருவிக்குத் தகவல் தர வேண்டும். மெம்செக்கின் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, எழுதும் நிரலில் ஒவ்வொரு வண்டிக்கும் பதிவை நிரப்பத் தொடங்குவதற்கு முன் "வால்கிரிண்ட்_மேக்_மெம்_அன்டிஃபைன்ட்" என்ற மேக்ரோவை அந்தப் பதிவின் மீது இடுங்கள். நிரப்பி முடித்து, "தயார்" என்ற கொடியை உயர்த்துவதற்குச் சற்று முன் "வால்கிரிண்ட்_செக்_மெம்_இஸ்_டிஃபைன்ட்" இடுங்கள். கொடி அந்தப் பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும். கருவி இல்லாமல் ஓடும்போது இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சில இயந்திரக் கட்டளைகள் மட்டுமே என்பதால் நான் அவற்றை நீக்குவதில்லை.

முதல் ஓட்டத்தில் நான் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு புகார் வந்தது. வண்டி எண்ணுக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தேன்; டிஎன் 30 என்று தொடங்கும் எண்ணுக்கு 10 எழுத்தும் ஒரு முடிவுக்குறியும் போக மீதி 5 பைட், ஸ்டிரிங்-காப்பி தொடாமல் விட்டவை. புலங்களுக்கு இடையே கம்பைலர் விடும் இடைவெளிகளும் இதேபோல் புகாரை எழுப்பும். பதிவு முழுவதையும் முதலில் மெம்-செட் கொண்டு சுழியமாக்கிவிட்டால் புகார் நிற்கும் என்று சிலர் கூறுவர். அதைச் செய்யாதீர்கள், உண்மையான குறையும் அதோடு மறைந்துவிடும். புலம் புலமாகச் சோதியுங்கள். அப்படிச் சோதித்தபோது பாயிண்ட் புலத்தில் கருவி நின்றது; வரி எண்ணையும் காட்டியது. மாதிரி மேசையிலிருந்து பாயிண்ட் வந்து சேராத வரை கொடி உயராது, ரசீதும் அச்சாகாது என்று அந்த வரியைத் திருத்தினேன்.