டம்ளர் கரைசலில் தண்ணீர் மூலக்கூறுகளை எண்ணுவது எப்படி

ஊட்டி, குன்னூர் பக்கம் அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா வைப்பவர்களுக்குத் தெரியும், வெள்ளைக் குருணையாகப் போட்டது நாளடைவில் தண்ணியாகி நிற்கும். குருணை பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்து அதிலேயே கரைந்துவிடும். அடியில் நிற்பது அடர்த்தியான மின்பகு கரைசல், அதாவது உப்பு அயனிகளாகப் பிரிந்து மின்சாரம் கடத்தும் கரைசல், தண்ணீரை வைத்து பேட்டரி செய்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே சாதி, உப்பு மட்டும் வேறு.

டப்பாத் தண்ணியை எடுக்காதீர்கள், அதில் உப்பு எவ்வளவு என்று தெரியாது. லேப் சாமான் கடையில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் (உப்போடு கொஞ்சம் தண்ணீரும் ஒட்டியிருக்கும் வகை) வாங்கி, கனமான கண்ணாடிப் பாத்திரத்தில் 60 கிராம் தண்ணீர் ஊற்றி, 40 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். நன்றாகவே சூடாகும், அயனிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடிக்கும்போது வெளிவரும் வெப்பம் அது. ஆறியதும் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி, பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு கப், ஒரு ஸ்பூன் சாப்பாட்டு உப்பு போட்டது ஒரு கப் என்று மூன்றையும் ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர்க் கப் கல், உப்புக் கப் நொறநொறவென்று இருக்கும், கால்சியம் கப் மட்டும் கொஞ்சம் கொழகொழப்பானாலும் உறையாமல் ஆடிக்கொண்டிருக்கும். இந்த அளவுக் கரைசல் உறைய மைனஸ் 50 டிகிரி அளவுக்குப் போக வேண்டும், ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா உறைபனியெல்லாம் இதற்குக் கால்தூசு.

ஏன்? எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரில் 55.5 மோல் மூலக்கூறு (மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணும் அளவு). நம் கரைசலில், உப்போடு ஒட்டி வந்த தண்ணீரையும் சேர்த்தால், கிலோ தண்ணீருக்குச் சுமார் 3.9 மோல் உப்பு, வகுத்தால் ஒரு கால்சியம், இரண்டு குளோரைடு சேர்ந்த கூட்டத்துக்கு 14 மூலக்கூறுதான். பந்தியில் பரிமாற ஆள் குறைந்தால் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது இல்லையா, அப்படித்தான். ஒன்றோடொன்று கைகோத்துப் பனிக்கட்டியாக இங்கே சும்மா இருக்கும் தண்ணீர் போதவில்லை.

இதே கணக்கை பேட்டரிக்குப் போடுங்கள். 2015இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்குழு லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. என்ற உப்பைக் கிலோ தண்ணீருக்கு 21 மோல் கரைத்தது. எடையில் பார்த்தால் ஒரு கிலோ தண்ணீரில் ஆறு கிலோ உப்பு! லித்தியம் வழக்கமாக நாலு மூலக்கூறைச் சுற்றி வைத்துக்கொள்ளும், இங்கே பங்குக்கு 2.6தான், மிச்ச இடத்தில் உப்பின் மறுபாதியான டி.எஃப்.எஸ்.ஐ. அயனி வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த அயனிதான் பேட்டரியின் மைனஸ் முனையில் முதலில் சிதைந்து, லித்தியம் ஃப்ளோரைடு படலமாகப் படிந்து தண்ணீரை அண்டவிடாமல் தடுக்கிறது. கோட்பாட்டில் 1.23 வோல்ட்டிலேயே பிரிய வேண்டிய தண்ணீர் 3 வோல்ட் வரை தாங்கியது இதனால்தான். விலை அதிகம், கரைசல் கொழகொழவென்று இருப்பதால் அயனிகள் மெதுவாகத்தான் நகரும், ஆகவே வீட்டு இன்வர்ட்டருக்கு வரும் என்று இப்போதே கனவு காண வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, கப்பில் பேட்டரி வயரை விட்டுப் பார்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துச் சிங்க்கில் ஊற்றுங்கள், கேரட் பாத்தியில் வேண்டாம்.