முதல் ரீபிரீதரை எப்படித் தேர்வு செய்வது? மதுரையிலிருந்து ஒரு செய்முறை

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், பாழடைந்த கிணற்றில் தூர் வார இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். அடியில் விளக்கு அணைந்துவிட்டால், "அணைஞ்சிருச்சு, யாரும் இறங்காதீங்கப்பா" என்று பெரியப்பா குரல் கொடுப்பார். காற்றில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை உடம்பு நமக்குச் சொல்வதில்லை. கண் இருட்டி விழும்வரை எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ரீபிரீதர், அதாவது விட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பச் சுவாசிக்கத் தரும் டைவிங் கருவி, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்த விளக்கைப் பற்றித்தான் பேசுவேன்.

அது வேலை செய்யும் விதம் எளிது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதிப் பால் நிறமாக்கியிருப்போம் அல்லவா? அதே வேதியியல்தான். நீங்கள் விடும் மூச்சு, ஸ்கிரப்பர் என்ற டப்பாவில் உள்ள சோடா லைம் குருணைகள் வழியாகப் போகும். அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. கரியமில வாயு அங்கேயே பிடிபட்டுவிடும். உடம்பு செலவழித்த ஆக்சிஜன் மட்டும் ஒரு சிறு சிலிண்டரிலிருந்து சேரும். ஆழம் கூடும்போது சுருங்கும் காற்றை ஈடுகட்ட டைலூயண்ட் என்ற இன்னொரு சிலிண்டர் உண்டு. ஒரே ஆழத்தில் இருக்கும்வரை ஒரு குமிழிகூட வீணாவதில்லை.

படி 1: உண்மையிலேயே தேவையா என்று கணக்குப் போடுங்கள்

மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 30 மீட்டரில், அழுத்தம் நான்கு மடங்கு என்பதால், 80 லிட்டர் வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) நிரப்பினால் 2400 லிட்டர், அதாவது அரை மணி நேரத்தில் காலி. ஆனால் உடம்பு உண்மையில் எரிப்பது நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் ஆக்சிஜன்தான், எந்த ஆழத்திலும். 3 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டரில் 200 பாரில் 600 லிட்டர் இருக்கும். அதனால் எல்லையை முடிவு செய்வது ஆக்சிஜன் இல்லை, ஸ்கிரப்பர். பெரும்பாலும் மூன்று மணி நேரம்.

மன்னார் வளைகுடாவில் மட்டும் டைவ் செய்பவருக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே பவளத் திட்டுகள் ஆழமில்லாதவை. ஆழம் குறைந்த இடத்தில்தான் ரீபிரீதரின் மிதப்பும் ஆக்சிஜன் அளவும் அதிகமாக ஆட்டம் காட்டும். 1942 ஏப்ரலில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்ம்ஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் உங்கள் கனவில் இருந்தால் மேலே படியுங்கள்.

படி 2: ஆக்சிஜனைச் சேர்ப்பது யார்?

இரண்டு வகை. எலக்ட்ரானிக் வகையில், நீங்கள் வைத்த அளவுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் சோலினாய்டு என்ற மின்சார வால்வு தானே திறந்து சேர்க்கும். 1997-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இன்ஸ்பிரேஷன் என்ற மாடல் இந்த வகையைப் பொழுதுபோக்கு டைவர்களிடம் கொண்டுசேர்த்தது. ஜேஜே, பொசைடன் ஆகிய மாடல்களும் இந்த வகைதான். மேனுவல் வகையில், கிஸ் என்ற மாடல் போல, ஒரு சிறு துளை வழியாக நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவில் ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கும். மீதியை நீங்கள் பொத்தானை அழுத்திச் சேர்க்க வேண்டும். ரெவோ என்ற மாடலில் இரண்டையும் சேர்த்த அமைப்பும் கிடைக்கும்.

எது பாதுகாப்பு என்று சண்டை ஓயாது. மேனுவல் வகையில் திரையைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. அந்தப் பழக்கம் உயிர் காக்கும். ஆனால் கேமராவில் மூழ்கிவிடுகிறவர்களுக்கு அது ஆகாது. ஆரம்பக்காரருக்கு எலக்ட்ரானிக் வகையையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அதையும் மேனுவல் போலவே ஓட்டுங்கள். இயந்திரம் சேர்க்கும் முன் உங்கள் கை சேர்த்திருக்கட்டும்.

படி 3: விளக்கு சரியாக எரிகிறதா?

இதுதான் முழு விஷயமும். ஆக்சிஜன் அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் மயக்கம், 1.6-க்கு மேல் போனால் வலிப்பு அபாயம். டைவில் 1.3 வைத்து ஓட்டுவது வழக்கம். இதைக் காட்டுவது செல் என்கிற சென்சார். வழக்கமாக மூன்று இருக்கும். ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டையும் நம்புவது முறை. ஆனால் மூன்றும் ஒரே நாளில் செய்த செல்களாக இருந்தால் இரண்டு சேர்ந்தே பொய் சொல்லலாம். அதனால் வெவ்வேறு மாதத்து செல்களைப் போடுங்கள். பொசைடன் வேறு வழியில் போகிறது: டைவின்போதே செல்லின் மேல் தெரிந்த வாயுவை ஊதிச் சோதித்துக்கொள்கிறது.

எந்த இயந்திரமானாலும் டைலூயண்ட் காற்றை லூப்பில் (மூச்சு சுற்றிவரும் குழாய் வளையத்தில்) நிரப்பி செல்லைச் சோதிப்பது எளிதா என்று பாருங்கள். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், காற்றில் ஆக்சிஜன் 0.21 பங்கு. பெருக்கினால் 0.63. திரையும் 0.63 காட்ட வேண்டும். நீருக்கடியில் விளக்கை இறக்கிப் பார்ப்பது என்றால் இதுதான்.

ஒருமுறை பழைய இயந்திரம் ஒன்று மலிவாக வருகிறது என்று பார்க்கப் போனேன். பளபளவென்று இருந்தது. செல்லைக் கழற்றித் தேதியைப் பார்த்தால், செய்து மூன்று வருடம். திரை மட்டும் அழகாக எண் காட்டியது. வாங்காமல் திரும்பினேன். செல்களை ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெப்பம் அவற்றின் ஆயுளைத் தின்றுவிடும். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் வைக்கவே கூடாது.

படி 4: மூச்சுப் பை

விடும் மூச்சு வந்து நிறையும் பை இது. தோளுக்கு முன்னால் பை இருந்தால் பெரும்பாலும் மூச்சு இழுக்க இலகு, ஆனால் மார்பில் நெரிசல். முதுகில் இருந்தால் கைக்கு இடம் கிடைக்கும், நீரில் சாய்வைப் பொறுத்து மூச்சு சற்றுக் கனக்கும். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படி 5: மதுரையில் சரக்கு கிடைக்குமா?

வாங்கும் முடிவை இதற்குத்தான் விட வேண்டும் என்பேன். ஆக்சிஜன் நம்மூர் கேஸ் ஏஜென்சிகளிடம் உண்டு, ஆனால் பெரிய சிலிண்டரில் சுமார் 150 பார்தான் இருக்கும். சிறியதை 200 பாருக்கு ஏற்ற பூஸ்டர் பம்ப் வேண்டும். வெளிநாட்டு சிலிண்டரை இங்கே கொண்டுவர பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி வேண்டும். மயக்க மருந்து இயந்திரத்துக்கான சோடா லைம் மருத்துவமனைகளில் இருக்கிறதே என்று அதை வாங்கிப் போடாதீர்கள். குருணை அளவு வேறு. கரியமில வாயு நழுவிப் போகலாம். தயாரிப்பாளர் சொன்ன ரகம் மட்டும்தான். ஒரு டப்பாவுக்கு இரண்டரை கிலோ அளவில் செலவாகும் என்பதால், வருடக் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள்.

அப்புறம் பயிற்சி. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். முதலில் நல்ல ஆசிரியரைப் பிடியுங்கள். அவர் எதில் டைவ் செய்கிறாரோ, எதற்கு அவரிடம் உதிரிபாகம் இருக்கிறதோ, அதை வாங்குங்கள். உலகத்தின் சிறந்த இயந்திரம் ஒரு ரப்பர் ஓ-ரிங் இல்லாமல் பெட்டிக்குள் கிடந்து என்ன பயன்?

படி 6: தப்பிக்கும் வழி

லூப் கைவிட்டால் மேலே வர தனி சிலிண்டர் வேண்டும். பதற்றத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வையுங்கள். 30 மீட்டரில் இரண்டு நிமிடம், ஏற மூன்று நிமிடம், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: சுமார் 830 லிட்டர். 200 பார் நிரப்பிய 7 லிட்டர் சிலிண்டரில் 1400 லிட்டர் உண்டு, தாங்கும். வாயிலிருந்து எடுக்காமலே அந்தத் தனி சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளும் பெயில் அவுட் வால்வு உள்ள மவுத்பீஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் யோசிக்கவே வேண்டாம். கரியமில வாயு ஏறி மூச்சு வாங்கும்போது வாயிலிருந்து குழாயை எடுக்க மனம் வராது.

சரி, இரண்டு இயந்திரம் மனதில் நிற்கிறதா? பணம் கொடுக்கும் முன் ஆசிரியரோடு நீச்சல் குளத்தில் இரண்டையும் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். இறங்கும் முன் கரையில் உட்கார்ந்து, திரையிலிருந்து கண் எடுக்காமல் ஐந்து நிமிடம் லூப்பில் மூச்சு விடுங்கள். தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு பெயில் அவுட் வால்வைப் பத்து முறை திருப்புங்கள். எதில் கை தடவாமல் நேராகப் போகிறதோ, அதன் விலையைக் கேளுங்கள்.