பாக்டீரியாவை எதிர்க்கும் அக்ரிலிக் பல் தகடு: கலப்பதும் சோதிப்பதும்

கழற்றி மாட்டும் பல் கிளிப்பின் அக்ரிலிக் தகடு எவ்வளவு பளபளப்பாகத் தெரிந்தாலும் நுண்துளைகள் கொண்டது. அண்ணத்தை ஒட்டி நாள் முழுவதும் ஈரத்தில் இருப்பதால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, கேண்டிடா என்ற பூஞ்சை போன்ற கிருமிகள் அதன்மேல் எளிதில் படலம் கட்டுகின்றன. இதைத் தடுக்கும் பொருளை அக்ரிலிக்கில் இரண்டு வகையில் சேர்க்கலாம். வெள்ளி நுண்துகளும் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியும் தகட்டுக்குள் வெறுமனே கலந்திருந்து, சிறிது சிறிதாக வெளியேறி வேலை செய்பவை. குவாட்டர்னரி அம்மோனியம் என்ற நேர்மின்னேற்றத் தொகுதி கொண்ட மெத்தாக்ரிலேட் மோனோமர்களோ (மோனோமர் என்பது கோத்துச் சங்கிலியாகும் சிறு மூலக்கூறு), அக்ரிலிக் இறுகும்போது அதன் சங்கிலியிலேயே பிணைந்துகொண்டு, தம்மைத் தொடும் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைப்பவை. 1990-களில் ஜப்பானில் உருவான எம்.டி.பி.பி. இவ்வகையின் முன்னோடி. மாதக்கணக்கில் வாயில் இருக்க வேண்டிய தகட்டுக்கு இரண்டாம் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். வெள்ளி சேர்த்த தகடு சாம்பல் நிறமாவதைப் பெற்றோர் எவரும் விரும்புவதில்லை என்பதும் ஒரு காரணம்.

அக்ரிலிக் தகடு ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் கலந்து வார்க்கப்படுவது. கிருமியைத் தடுக்கும் மோனோமரை அந்தத் திரவத்தில் கரைக்க வேண்டும். பொடியில் தூவினால் சீராகப் பரவாது. திரவத்தின் எடையில் 0, 2.5, 5, 10 சதவீதம் என நான்கு கலவைகளைத் தயாரித்து, ஒரே பொடியையும் ஒரே அச்சையும் கொண்டு வார்த்து, அழுத்தக் கலத்தில் வெந்நீரில் இறுகவிடுங்கள். சித்திரை மாதத் தருமபுரி வெயிலில் கலவை நினைத்ததைவிட விரைவில் மாவுப் பதத்தைத் தாண்டிவிடும் என்பதால், காலையிலேயே வார்ப்பது நல்லது. திரவம் சாதாரணக் கையுறையையும் ஊடுருவும். கையில் பட்டால் கையுறையை உடனே மாற்றுங்கள்.

வலிமையை முதலில் பாருங்கள். 64 × 10 × 3.3 மி.மீ. அளவுள்ள துண்டுகளை 37 டிகிரி நீரில் ஊறவைத்து வளைத்துப் பார்க்கையில், பல் சீரமைப்புத் தகடுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 20795-2 கேட்கும் 50 மெகாபாஸ்கல் வளைவு வலிமைக்குக் கீழே இறங்கும் கலவையை அங்கேயே கைவிடலாம். ஊறவைக்கக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பாலக்கோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் நான் ஊறவைத்த முதல் தொகுதித் துண்டுகள், உலர்ந்தபின் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் வெள்ளைப் படிவத்தோடு இருந்தன. அவற்றில் பாக்டீரியாச் சோதனை செய்து பயனில்லை.

அடுத்தது பாக்டீரியாச் சோதனை. பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் துண்டைச் சுற்றி, பாக்டீரியா வளராத அகலமான தெளிவளையம் வந்தால் பலரும் மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் அந்த வளையம் மருந்து வெளியே கசிகிறது என்பதற்கான அடையாளம். பிணைந்த மோனோமருக்கு வளையம் வராமலிருப்பதே சரி. எனவே மேற்பரப்பின் பாக்டீரியா எதிர்ப்பை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 22196 முறையைத் தழுவி, 0.4 மி.லி. பாக்டீரியாக் கரைசலைத் துண்டின்மேல் விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, 24 மணி நேரம் கழித்து உயிருள்ளவற்றை எண்ணுங்கள். பிறகு நீரை மாற்றி மாற்றி ஒரு மாதம் ஊறவைத்த துண்டிலும், உமிழ்நீர் பூசிய துண்டிலும் இதையே செய்ய வேண்டும். உமிழ்நீரின் புரதம் மேற்பரப்பை மூடிவிட்டால் தொட்டுக் கொல்லும் ஆற்றல் குறைகிறது. அப்படிக் குறைந்தால், புரதம் ஒட்டாமல் தடுக்கும் எம்.பி.சி. மோனோமரைச் சிறிதளவு சேர்த்து வலிமைச் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

உயிரணு நச்சுச் சோதனையும், நெறிமுறைக் குழுவின் இசைவும், 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படியான அனுமதியும் இல்லாமல் எந்தத் தகட்டையும் பிள்ளைகளின் வாயில் பொருத்தக் கூடாது. அதுவரை ஒவ்வொன்றிலும் ‘சோதனைக்கு மட்டும்’ என்று எழுதிப் பூட்டி வையுங்கள்; இளஞ்சிவப்பு அக்ரிலிக் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், வழக்கமான தகடுகளோடு அவை கலந்துவிடக்கூடும்.