குளக்கட்டில் ஒரு காலை: பிள்ளைகளோடு தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் நம்மவர்களின் விடுமுறை அநேகமாக ஒரே அச்சில்தான் நடக்கிறது. பாசிக்குடாக் கடற்கரைக்கு ஒரு நாள், மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு ஒரு நாள், மீதி நாட்களெல்லாம் சொந்தக்காரர் வீடுகளில் சோறு. மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். சென்ற முறை அந்த வீட்டுச் சுற்றிலிருந்து இரண்டு நாட்களைப் பிடுங்கி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கொடுத்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தூண்டிலோடு குளத்துக்குப் போனோம். அதே எண்ணத்தோடு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் குளம். மட்டக்களப்பு வாவி பெரியதுதான், ஆனால் அது உவர்நீர். நன்னீர் மீன் வேண்டுமென்றால் வாவியைக் கடந்து சூரியன் மறையும் படுவான்கரைப் பக்கம் போக வேண்டும். வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை என்று போனால் உன்னிச்சைக் குளம். வெல்லாவெளிப் பக்கம் நவகிரிக் குளம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போனால் உறுகாமம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் உன்னிச்சையைத்தான் சொல்வேன். நகரத்திலிருந்து காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நவகிரி அழகான இடம்தான், ஆனால் யானை நடமாட்டம் அதிகம். நான்கு வயதுக்காரனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டில் ஏரிக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இங்கே வேலி இல்லை, டிக்கெட் இல்லை, வாடகைத் தூண்டில் இல்லை, கழிப்பறையும் இல்லை. குளம் வயலுக்காகக் கட்டியது. குளக்கட்டில் மாடு போகும், உழவு இயந்திரம் போகும், துறையில் ஆட்கள் குளிப்பார்கள். நாம் அவர்களுடைய இடத்துக்குப் போகிற விருந்தாளிகள். குளத்து மீனும் சும்மா கிடக்கும் மீன் அல்ல. குளங்களில் மீன்குஞ்சு விடுகிறார்கள், அதைப் பிடித்துப் பிழைப்பவர்கள் கரையோரத்து நன்னீர் மீனவர்கள். அவர்களுக்குச் சங்கமும் உண்டு. பிள்ளைகள் நான்கு மீன் பிடிப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஆனாலும் கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. அந்த ஒரு கேள்வியால் வரும் லாபம் பெரிது. எந்த இடம் ஆழம், எங்கே வலை கிடக்கிறது, முதலை எந்தப் பக்கம் வெயில் காய்கிறது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

ஆகவே தூண்டிலைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். படுவான்கரையில் ஒரு மாமாவோ, மச்சானின் கூட்டாளியோ இல்லாத மட்டக்களப்புக் குடும்பம் எது? எங்களுக்கு வாய்த்தவர் மனைவியின் தூரத்து மாமா. வேளாண்மைக்காரர், மீன்காரர் அல்ல. ஆனால் அந்தக் குளத்தை ஐம்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். வேலையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவருக்குக் காசு நீட்டாதீர்கள், கோபித்துக்கொள்வார். வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐப்பசி முதல் தை வரை வாடை மழை. குளம் நிரம்பி வான்கதவு திறக்கும்போது பார்க்க அழகுதான், பிள்ளைகளோடு அங்கே நிற்பது மடத்தனம். மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்கள் தூண்டிலை மறந்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் வருகிறவர்களுக்குக் கச்சான் காற்றும் வெயிலும் காத்திருக்கும். தண்ணீர் வற்றி, முன்பு குளமாக இருந்த இடம் சேறாகக் கிடக்கும். மேலே காய்ந்திருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும். பிள்ளைகளை அதில் இறங்க விடாதீர்கள்.

மீன் விடியலில் நன்றாகக் கடிக்கும் என்று எல்லா நாட்டிலும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் படுவான்கரை வீதிகளில் விடியற்காலையும் மாலை மங்கலும் யானைக்குரிய நேரம். நாங்கள் ஆறு மணி தாண்டி, நன்றாக வெளிச்சம் வந்த பிறகே நகரத்தை விட்டோம். ஏழு மணிக்குக் குளக்கட்டு. ஒன்பதரைக்கு மூட்டை கட்டிவிட்டோம். அதற்குமேல் வெயில் பிள்ளைகளைத் தின்றுவிடும், மீனும் கடிக்காது. மாலையில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான்.

சாமான்களுக்கு வருவோம். மடக்கித் தூண்டில் ஒன்று கொண்டு போயிருந்தேன், சுற்றுச் சக்கரத்தோடு. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததுதான் நான் செய்த முதல் பிழை. பத்து நிமிடத்தில் தங்கூசி (நைலோன் நூல்) குருவிக்கூடு மாதிரிச் சிக்கிவிட்டது. மாமா வேலியோரத்தில் இரண்டு மெல்லிய மூங்கில் தடி வெட்டினார். தடியின் நீளத்துக்கே தங்கூசி, ஒரு சின்னத் தூண்டில் முள், ஒரு ஈயக்குண்டு, மிதப்புக்கு உலர்ந்த நெட்டித் துண்டு. அவ்வளவுதான். சுற்றவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். மீன் கடித்தால் தடியைத் தூக்கினால் போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த தூண்டில் கிடையாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியவை வேறு: பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி, அகலமான தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, முள் கழற்றக் குறடு. முள்ளையும் குறட்டையும் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிகொடுப்பீர்கள். முள்ளின் உள்பக்கத்தில் எதிர்த்து நிற்கும் சின்ன நாக்கைக் குறட்டால் நசுக்கிவிட்டால், அது விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும். சில மீன் தப்பும், தப்பட்டும்.

இரைக்கு மண்புழு நல்லது. பாண் அதைவிடச் சுலபம். பாணின் நடுச்சதையை எச்சில் தொடாமல் தண்ணீரில் நனைத்துப் பட்டாணி அளவு உருட்ட வேண்டும், அது முள்ளை முழுதாக மூட வேண்டும். என் மகன் எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினான். அவனுக்கு மீனே வரவில்லை, கெண்டைக் குஞ்சுகள் சுற்றி நின்று கொறித்துத் தின்றுவிட்டுப் போயின. மகளுடைய மிதப்பு மூன்று முறை துடித்தது. மூன்று முறையும் அவசரப்பட்டுத் தூக்கினாள். “துடிக்கும்போது பார்த்துக்கொண்டிரு மகள், காணாமல் போகும்போது தூக்கு” என்றார் மாமா. நான்காவது முறை நெட்டி சரிந்து, சாய்வாகப் பச்சைத் தண்ணீருக்குள் போனது. தூக்கினாள். உள்ளங்கை அளவில் ஒரு திலாப்பியா, வெயிலில் சாம்பலும் மஞ்சளுமாக மின்னிக்கொண்டு ஆடியது.

குளத்து மீனென்றால் இன்று அநேகமாகத் திலாப்பியாதான். அது இந்த மண்ணின் மீன் அல்ல, 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்து விடப்பட்டது. மகளுக்கு அதைச் சொன்னபோது, “இதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததா?” என்று கேட்டாள். மாமா சிரித்த சிரிப்பு கட்டின் மறுமுனை வரை கேட்டிருக்கும். திலாப்பியாவின் முதுகில் முள்வரிசை உண்டு. கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முள்ளை மடக்கிப் பிடிக்க வேண்டும். இதைப் பிள்ளைகள் ஒரே முறையில் படித்துக்கொள்கிறார்கள்.

சுங்கான் வந்தால் மட்டும் பெரியவர்களே கழற்றுங்கள். கரிய, வழுவழுப்பான, மீசை வைத்த மீன். செட்டையில் நஞ்சு முள் இருக்கிறது. பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு நான் வெறுங்கையால் பிடித்தேன். தோள் வரை ஏறிய அந்தக் கடுப்பை இப்போது நினைத்தாலும் கை தானாக மடங்குகிறது. அதற்குச் சுடுதண்ணீர்தான் முதல் மருந்து. தாங்கக்கூடிய சூட்டில் அரை மணித்தியாலமாவது கையை ஊற வைத்தால் வலி இறங்கும், அந்த நஞ்சு சூட்டில் கெடும். பிள்ளைக்கு என்றால் சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு வையுங்கள், பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள். தேநீருக்கென்று கொண்டு போன சுடுதண்ணீர்ப் போத்தல் அன்று என் கைக்குப் போனது. அவசரத்துக்கு 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

முதலை இல்லாத குளம் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். தண்ணீரின் விளிம்பிலிருந்து இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளி உட்காருங்கள், ஆட்கள் குளிக்கும் துறைப் பக்கமே இருங்கள், ஆற்றுவாழை அடர்ந்த மூலைகளுக்குப் போகாதீர்கள். பிடித்த மீனைக் கரையோரத் தண்ணீரில் கட்டிப் போடாமல் வாளியில் வையுங்கள். ஒரு பெரியவர் தூண்டிலைத் தொடாமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது கேட்கச் சுலபம், செய்யக் கடினம், மீன் கடித்தால் எல்லோர் கண்ணும் மிதப்புக்குத்தான் போகும். காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றிலும் தண்ணீரிலும் படவிடாதீர்கள், வயல்சார்ந்த இடங்களில் எலிக்காய்ச்சல் உண்டு.

சின்னவன் இருபது நிமிடத்தில் சலித்துவிட்டான். அதற்கும் தயாராகப் போக வேண்டும். மாமா தன் துவாயின் இரண்டு முனையை அவனிடமும் இரண்டைத் தாமும் பிடித்து, கட்டுக்குப் பின்னால் துருசிலிருந்து (மதகிலிருந்து) வயலுக்கு ஓடும் கணுக்கால் அளவு வாய்க்காலில் குஞ்சுமீன் அள்ளக் காட்டிக்கொடுத்தார். அன்று அவனுக்குக் குளம் என்றாலே அந்த வாய்க்கால்தான். அள்ளியதை ஒரு போத்தலில் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டோம்.

அறுந்த தங்கூசியைக் குளக்கட்டில் போட்டுவிட்டு வராதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். உன்னிச்சைத் தண்ணீர்தான் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு வீடுகளுக்குக் குழாயில் வருகிறது என்பதும் நினைவிருக்கட்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து மகன் அம்மம்மா வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் குனிந்து உள்ளே பார்க்கிறான்.

பிடித்ததை மாமா வீட்டிலேயே சமைத்தார்கள். குளத்து மீனுக்குச் சேற்று வாடை உண்டு. கல் உப்பும் பழப்புளியும் போட்டு உரசி இரண்டு மூன்று தண்ணீரில் கழுவினால் போய்விடும். பெரியவர்களுக்கு உறைப்பாகக் குழம்பு. பிள்ளைகளுக்கு மஞ்சளும் உப்பும் மட்டும் தடவிய பொரியல், முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். கடைசியில் சட்டியில் எருமைத் தயிர். ஐந்து சின்ன மீனுக்கு ஒன்பது பேர் சாப்பிட்டோம், வரும் வழியில் சந்தையில் வாங்கிய விரால்தான் மானத்தைக் காப்பாற்றியது. நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நாளை அம்பாறைக்குக் கொடுக்க நினைத்தால் இங்கினியாகலை. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதை ஒட்டியிருப்பது 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்கா, பூங்காவுக்குள் மீன் பிடிக்க அனுமதியில்லை. படகில் போகலாம், அதிர்ஷ்டம் இருந்தால் யானை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்துவதைக் காணலாம். பூங்காக் கட்டணம் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். அங்கே பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான், தெரிந்த சாரதியோடு போவது நல்லது. உயிர்காப்பு அங்கியைத் தூண்டிலோடு சேர்த்து வீட்டில் வைத்துவிடாதீர்கள், படகில் பிள்ளைகளின் அளவுக்கு இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.