நாளைய குடிநீரை இன்றிரவே வாங்குங்கள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடப்பவர்கள் மறுநாள் குடிநீரை முந்தைய இரவே கொதிக்கக் கொதிக்க வாங்கி, மூடியை இறுக்கி, பாட்டிலைத் தடித்த காலுறைக்குள் நுழைத்து உறங்கும் பையின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒத்தடம், காலையில் குடிநீர், இரண்டுக்கும் ஒரே காசு.

வழியில் 4,940 மீட்டர் உயரத்தில் உள்ள தங்கல் ஊரான லொபுச்சேயில் அறைக்குள் வைத்த தண்ணீர்கூட விடிவதற்குள் உறைந்துபோவது சகஜம். மேலே ஏற ஏற வெந்நீர் விலையும் ஏறும். அந்த உயரத்தில் நீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், மூன்று நிமிடம் கொதித்திருந்தால் கிருமி பயமில்லை. கேமரா பேட்டரியையும் உறங்கும் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்; குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

கடையில் விற்கும் மெல்லிய தண்ணீர் பாட்டிலில் இதைச் செய்யாதீர்கள், சூட்டில் சுருங்கி ஒழுகும். நனைந்த உறங்கும் பை அங்கே விளையாட்டல்ல. பிளாஸ்க்கும் பயன்படாது, சூட்டை வெளியே விடாது.

தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் வெந்நீரை நம்பிப் படுத்திருக்க வேண்டாம். அது மலை உயர நோய். துணையோடு உடனே கீழே இறங்குங்கள், நள்ளிரவானாலும்.