முதல் செமி-ஆட்டோ .22: ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் 500 ரவுண்டு

தென்னாப்பிரிக்காவில் ரைஃபிளுக்குப் பணம் கட்டிய அன்றே அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உரிமம் வரும்வரை அது கடைக்காரரின் பெட்டகத்தில்தான் கிடக்கும். அந்த மாதக்கணக்கான காத்திருப்பில் கை அரிக்கும். புதுக் கட்டை (தோளில் அணைக்கும் பகுதி), புது ட்ரிகர், தோட்டா அடுக்கும் பெரிய மேகசின் என்று ரைஃபிளின் விலையைத் தாண்டி உதிரி பாகங்கள் வீட்டில் சேர்ந்துவிடும். அவற்றில் பாதி பிறகு அலமாரியில் தூங்கும். எதை எப்போது மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதற்குத்தான் இந்த வரிசை.

செமி-ஆட்டோ என்றால் ஒவ்வொரு ட்ரிகர் இழுப்புக்கும் ஒரு தோட்டா, அடுத்தது தானாக ஏறும். எடுத்துக்காட்டாக ருகர் 10/22 மாடலை வைத்துக்கொள்வோம். 1964இல் வந்தது, உதிரி பாகம் கிடைப்பதில் இதற்கு இணையில்லை. மற்ற .22 செமி-ஆட்டோக்களுக்கும் இதே முறைதான். திருகும் பின்னும் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

1. காகிதம்

திறன் சான்றிதழ் முதலில், உரிமம் அடுத்து. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் எப்போதாவது சுடுபவருக்கான 15ஆம் பிரிவில் செமி-ஆட்டோ ரைஃபிள் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து, தொடர் ஈடுபாடுள்ள (dedicated) விளையாட்டு வீரர் என்ற தகுதியோடு 16ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த உரிமம் 10 ஆண்டு செல்லும். முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிப்பு மனு போக வேண்டும். தேதியைக் கைபேசியில் இன்றே போட்டுவையுங்கள்.

உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்க்க, அவருடைய ரைஃபிளை ரேஞ்சில் சுட்டுப் பழகலாம்.

2. முதல் நாள்

பாதுகாப்புப் பழக்கம் கையில் ஊற வேண்டும்: மேகசினைக் கழற்று, போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் நகரும் பாகம்) இழு, சேம்பரைக் (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டுப் பார். வரிசை முக்கியம். மேகசினைக் கழற்றாமல் போல்ட்டை இழுத்து விட்டால் நீங்களே அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். செமி-ஆட்டோவில் புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியமும் வேண்டாம்; .22 ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு) ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும், கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும்.

தொழிற்சாலை பூசி அனுப்பும் எண்ணெய் துருவுக்காகப் பூசியது, சுடுவதற்கல்ல. குழலில் இரண்டு மூன்று உலர்ந்த துணித் துண்டுகளை இழுத்து எடுத்துவிட்டுச் சுடத் தொடங்குங்கள்.

3. தோட்டா: முதல் செலவு இதற்குத்தான்

இந்த வகை ரைஃபிளில் போல்ட்டைப் பின்னால் தள்ளுவது வெடிப்பின் அழுத்தம் மட்டுமே. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. வேறு பூட்டு இல்லை. ஆகவே பலவீனமான தோட்டா போட்டால் போல்ட் பாதிவழி வந்து நின்றுவிடும்.

மூன்று நான்கு வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி, அதாவது 50 ரவுண்டு (தோட்டா) வாங்குங்கள். சாதாரண வேகத்தில் ஒன்றிரண்டு, அதிவேகத்தில் ஒன்றிரண்டு. சாதாரண வேகம் என்பது நொடிக்கு சுமார் 325 மீட்டர், ஒலியைவிடச் சற்றுக் குறைவு. அதிவேகம் சுமார் 380. அதிவேகத் தோட்டா போல்ட்டை நன்றாக இயக்கும். சாதாரண வேகம் பெரும்பாலும் துளைகளை நெருக்கமாகப் போடும். உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பது சுட்டால்தான் தெரியும். ஒரே மாடலில் அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும்.

பிராண்டு மாற்றும்போது முதல் 10–15 ரவுண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதுத் தோட்டாவின் மெழுகு குழலில் படிந்த பிறகே துளைகள் ஒன்றுகூடும். அதன்பின் 50 மீட்டரில், மணல்பை மேல் வைத்து, ஐந்து ஐந்தாக நான்கு முறை சுடுங்கள். ஒரே ஒரு அருமையான ஐந்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

4. ஸ்கோப்

.22க்கென்றே செய்த ஸ்கோப் வாங்குங்கள். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பாரலாக்ஸ் சுமார் 100 மீட்டருக்கு வைக்கப்பட்டிருக்கும். 25 மீட்டரில் கண்ணை லேசாக அசைத்தாலே குறி நகர்வதுபோலத் தெரியும்.

பொருத்தும்போது அடித்தட்டின் திருகுகளில் எண்ணெயைத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீலநிறப் பசை ஒரு சொட்டு விடுங்கள். ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) அலுமினியம், முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும். சுமார் 1.7 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளின் மேல்பகுதியை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 9 செ.மீ. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வையுங்கள். திறக்கும்போது முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் ஸ்கோப் இருக்கும் இடம் சரியில்லை.

5. குறி சரிசெய்தல்

25 மீட்டரில் தொடங்கி 50க்குப் போங்கள். ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் கிளிக் கிளிக்கென்று படிப்படியாக நகரும். கால் நிமிடக் (நிமிடம் இங்கே கோண அளவு) கிளிக் உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ., 50இல் 3.6 மி.மீ. நகர்த்தும். 50 மீட்டரில் துளைக்கூட்டத்தின் நடு 4 செ.மீ. கீழேயும் 3 செ.மீ. இடப்பக்கமும் விழுந்தால் மேலே 11, வலப்பக்கம் 8 கிளிக். ஒவ்வொரு ரவுண்டுக்கும் திருகிக்கொண்டிருந்தால் உங்கள் கை நடுக்கத்தைத்தான் துரத்துவீர்கள். ஐந்து சுட்டு, நடுவைப் பார்த்துத் திருகுங்கள்.

50இல் சரியாக வைத்த ரைஃபிள் 100 மீட்டரில் தோட்டாவைப் பொறுத்து சுமார் 15 முதல் 20 செ.மீ. கீழே அடிக்கும். அது ஸ்கோப்பின் குற்றமில்லை.

6. மக்கர் பண்ணும்போது

- வெற்றுக்கூடு வெளியேறும் வாசலில் நெட்டுக்குத்தாக மாட்டினால்: தோட்டா பலவீனம், அல்லது சேம்பரும் கூடிழுக்கும் கொக்கியும் அழுக்கு. போல்ட்டில் எண்ணெய் அதிகமானாலும் கரி குழம்பாகி இதே தொல்லை தரும்.
- போல்ட் முழுதாக மூடவில்லை: பெரும்பாலும் கைவிரலால் மெதுவாக விட்டதால். முழுதாக இழுத்து, சட்டென்று விட்டுவிடுங்கள்.
- ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை: குழலை இலக்கு நோக்கியே 30 நொடி வையுங்கள். பிறகுதான் வெளியே எடுங்கள். இந்தத் தோட்டாவில் வெடிமருந்து விளிம்பில் பரவியிருக்கும். ஓரிடத்தில் குறைந்தால் வெடிக்காது.
- சத்தம் ‘புஸ்’ஸென்று வந்தால்: உடனே நிறுத்துங்கள். ரவை குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும். மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று உறுதிசெய்து, கம்பி விட்டுப் பாருங்கள்.

7. இப்போது மாற்றலாம்

500 ரவுண்டு சுட்டாயிற்றா? எது உங்களைத் தடுக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பெரும்பாலோருக்கு அது ட்ரிகர். தொழிற்சாலை ட்ரிகரின் இழுவை சுமார் இரண்டரை கிலோ. ருகர் நிறுவனத்தின் பிஎக்ஸ் ட்ரிகர் தொகுதி அதைப் பாதியளவுக்குக் கொண்டுவரும். மாற்றுவது சுலபம்: ரைஃபிளைக் காலி செய்து, சேஃப்டி பொத்தானை நடுவில் நிறுத்தி (இல்லாவிட்டால் கட்டையிலிருந்து வராது), குழல் வளையம் இருந்தால் தளர்த்தி, கட்டையின் ஒற்றைத் திருகைக் கழற்றுங்கள். இரண்டு குறுக்குப் பின்களைத் தள்ளினால் தொகுதி முழுதாகக் கையில் வந்துவிடும். பின்கள் தானாகவே விழும் அளவுக்குத் தளர்வானவை. கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

ட்ரிகர் தொகுதிக்குள் சுத்தியலைப் பிடித்து நிற்கும் கொக்கியை நீங்களே அரத்தால் தேய்க்காதீர்கள். ஒரு இழுப்புக்கு இரண்டு சுடத் தொடங்கினால் ஆபத்து ஒருபுறம். சட்டத்தின் கண்ணில் அது தானியங்கித் துப்பாக்கி.

ட்ரிகர் கழற்றிய அதே நேரத்தில் போல்ட் மோதும் எஃகுப் பின்னை எடுத்து பாலியூரித்தேன் பின் போடலாம். மலிவு, ‘டணங்’ சத்தம் அடங்கும். மேகசினை விடுவிக்கும் நீளமான நெம்புகோலும் காசுக்கு மதிப்பு.

கட்டையைக் கடைசியில் மாற்றுங்கள். அளவு பார்க்க: முழங்கையை மடித்து அடிக்கட்டையை உள்மடிப்பில் வைத்தால் ஆட்காட்டி விரல் ட்ரிகரை இயல்பாக எட்ட வேண்டும். எட்டினால், புதுக் கட்டை அழகுக்கு மட்டுமே. அழகு தப்பில்லை, ஆனால் துளை நெருங்காது.

குழல் வேறு கதை. சட்டப்படி குழலே தனித் துப்பாக்கிபோல. உரிமம் இல்லாமல் வாங்கவோ மாற்றவோ கூடாது. துப்பாக்கிப் பணிமனைக்காரரிடம் விடுங்கள்.

8. சுத்தமும் கடற்காற்றும்

10/22இன் ரிசீவர் பின்புறம் மூடியிருப்பதால் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது. முன்வாயிலிருந்து கம்பி விட்டு வாயின் விளிம்பைச் சுரண்டினால் துல்லியம் அதோடு போயிற்று. குழலைத் துடைக்கும் இழுகயிறு வாங்கி சேம்பரிலிருந்து வாய்நோக்கி இழுங்கள். 300–400 ரவுண்டுக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் அதன் முன்முகத்தைத் தேயுங்கள்.

கடலோர டர்பன், டோங்காட் பக்கம் ஜனவரி ஈரப்பதத்தில் பெட்டகத்துக்குள்ளேயே துரு பூக்கும். சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை அடுப்பில் உலர்த்தித் திரும்ப வையுங்கள். ரைஃபிளை நுரைப்பஞ்சுப் பையோடு பெட்டகத்தில் வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிர்காலக் காலையில் போல்ட் மெழுகில் மாட்டியதுபோல் நகரும். துப்பாக்கி எண்ணெய், போல்ட்டின் இரு பக்கத் தடத்திலும் ஒவ்வொரு சொட்டு.